விடுமுறையும் காற்றும்

சில வாரங்களுக்கு முன்னர், கனடா நாட்டின் டொரன்டோ மாநகரில் வாழும் என் மருமகனிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. என் மூத்த தமக்கையாரின் மகன் அவன். மடலோடு ஓர் அட்டவணையும் இணைக்கப்பட்டிருந்தது. "மாமா, ஆகஸ்ட் மாதத்தில் பத்து நாள் விடுமுறையில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருகிறோம். திட்டத்தைப் பாருங்கள். திருத்தம் ஏதும் இருந்தால் சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தான். முப்பது ஆண்டுகளாக விடைத்தாள் திருத்தியே பழகியவன் நான். திருத்தச் சொல்லி ஒரு தாள் கைக்கு வந்தால் சும்மா இருக்க மனம் இடந்தருமா? சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அட்டவணை மிக அழகாகத்தான் இருந்தது. முதல் நாள் கட்டுநாயக்காவில் இறங்கிக் கண்டி. இரண்டாம் நாள் நுவரெலியா. மூன்றாம் நாள் எல்ல. நான்காம் நாள் யால. ஐந்தாம் நாள் காலி. ஆறாம் நாள் கொழும்பு. ஏழாம் நாள் எங்கள் கற்பிட்டி. எட்டாம் நாள் சீகிரியா, ஒன்பதாம் நாள் திருகோணமலை, பத்தாம் நாள் மீண்டும் விமான நிலையம். கற்பிட்டிக்கு ஒதுக்கிய நாளை மணிக்கணக்காகவே பிரித்திருந்தான். காலை 6 மணிக்கு ஆழ்கடலில் டொல்பின் பார்த்தல், 10 மணிக்குப் பவளப் பாறை, பிற்பகல் 3 மணிக்கு வில்பத்து வனத்தில் சிறுத்தை. இவற்றுக்கு நடுவே ஒரு கட்டத்தில், "12 முதல் 1.30 வரை பாட்டி வீடு, மதிய உணவு" என்று இருந்தது.

அந்த ஒரு வரியில் என் பேனா நின்றுவிட்டது. பாட்டி என்று அவன் குறித்திருப்பது அவனுடைய தாயாரை, என் அக்காவை. எழுபதைக் கடந்தவர். மூத்த பேரனைக் கடைசியாக அவர் கண்டபோது அவனுக்கு மூன்று வயது. இப்பொழுது பதினொன்று. இளைய பேத்தியைக் கைத்தொலைபேசியின் கண்ணாடித் திரையில் கண்டிருக்கிறாரேயன்றி, நேரில் கண்டதில்லை. அந்தப் பேத்திக்கு விதிக்கப்பட்ட காலம் ஒன்றரை மணி நேரம், அதுவும் சோற்றுக் கோப்பையோடு. அட்டவணையை நான் அக்காவிடம் காட்டவில்லை.

மருமகன் அன்பில்லாதவன் என்று தயவுசெய்து எண்ணிவிடாதீர்கள். மாதந்தவறாமல் தாய்க்குப் பணம் அனுப்புகிறவன், ஞாயிறுதோறும் பேசுகிறவன். அவன் செய்த பிழை தேசப்படத்தைப் பார்த்துத் திட்டமிட்டது. இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீற்றர். அவன் வாழும் ஒன்ராறியோ மாகாணம் ஒன்று மட்டுமே அதைப்போல் பதினாறு மடங்குக்கு மேல் பெரியது. அங்கிருந்து பார்ப்பவனுக்கு இந்தத் தீவு ஒரு கைக்குட்டையாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஒரு முனையில் காலையுணவு, மறு முனையில் இராவுணவு என்று நினைக்கத் தோன்றும். மலைநாட்டு வீதியின் வளைவுகளும், லொறிக்குப் பின்னால் ஊர்ந்து செல்லும் பேருந்தும், அதற்குப் பின்னால் நாமும் தேசப்படத்தில் தெரிவதில்லை. கற்பிட்டியில் மதியம் உண்டுவிட்டு 3 மணிக்கு வில்பத்துக்குப் புறப்பட்டால், வனத்தின் வாயிலை அடைகையில் பொழுது சாய்ந்திருக்கும். சிறுத்தைக்குப் பதிலாக வாயிற்காவலரைத்தான் காணலாம்.

தூரத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தேசப்படம் அறவே சொல்லாத செய்தி இன்னொன்று உண்டு. அது காற்று.

நம் நாட்டை இரண்டு பருவக் காற்றுகள் ஆள்கின்றன என்பதை ஆறாம் வகுப்பு மாணவனும் ஒப்புவிப்பான். ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து ஒன்று; மார்கழியை நடுவாக வைத்து வடகிழக்கிலிருந்து மற்றொன்று. ஒப்புவிப்பது எளிது, அதன் பொருளை அறிந்தவர் கடலோரத்து மக்கள். சோளகம் என்றும் கச்சான் என்றும் கரையோரத்தார் வழங்கும் தென்மேற்குக் காற்று எங்கள் புத்தளக் கரைக்கு மழையை அதிகம் கொண்டுவருவதில்லை. கொழும்பையும் காலியையும் நனைக்கும் அதே காற்று, இங்கே வெறும் மணலையும் உப்புச் சாரலையும் வாரி இறைக்கிறது. தென்னோலைகள் இரவு பகலாக இரையும். வெளிக்கடல் வெள்ளை நுரை கக்கிக்கொண்டு நிற்கும். அக்காலத்தில் சிலாபத்திலும் நீர்கொழும்பிலும் உடப்பிலும் உள்ள கடற்றொழிலாளர் பலர் வலைகளையும் வள்ளங்களையும் லொறிகளில் ஏற்றிக்கொண்டு கிழக்குக் கரைக்குப் பெயர்ந்துவிடுகின்றனர். முல்லைத்தீவுப் பக்கத்திலும் திருகோணமலைப் பக்கத்திலும் வாடி அமைத்துத் தங்கித் தொழில் செய்கின்றனர். இங்கே கடல் அடங்கியதும் திரும்பி வருகின்றனர். எந்த மாதத்தில் எந்தக் கரை என்பதை ஒரு நாட்குறிப்பின் துணையும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாகக் கணித்து வைத்திருக்கும் இவர்களைவிடச் சிறந்த பயணத் திட்டக்காரரை நான் கண்டதில்லை. பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற என் மருமகனும், பட்டம் பெற்ற நானும், இவர்களைக் கேளாமல் திட்டமிட்டே சறுக்கினோம்.

நானும் என்று சொன்னேன். அந்தக் கதையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூன் மாதத்தில், வேறு மாவட்டத்திலிருந்து வந்த ஆசிரிய நண்பர்கள் எண்மரை டொல்பின் காட்டுவதாகக் கூட்டிக்கொண்டு கற்பிட்டிக் கரைக்குப் போனேன். இந்த மண்ணில் பிறந்தவன் என்ற பெருமிதம் வேறு. முன்கூட்டியே பேசி வைத்திருந்த வள்ளக்காரர் கரையில் நின்று சிறிது நேரம் கடலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "போகலாம் சேர். திரும்பி வாறதுதான் கஷ்டம்" என்றார். நண்பர்கள் முகம் சுருங்கிற்று. ஒருவர் கூலியை இரட்டிப்பாகத் தருவதாகவும் சொன்னார். வள்ளக்காரர் அசையவில்லை. எனக்கு அப்போது வந்தது வெட்கமும் சினமும்தான். நன்றியுணர்வு வர இரண்டு நாள் பிடித்தது. அவர் எங்களை வெறுங்கையோடு அனுப்பிவிடவுமில்லை. பிளேன்டீ தந்து அமர்த்தி, காற்று எழுமுன்னர் களப்புப் பக்கமாகக் கண்டல் மரங்களினூடே ஒரு சுற்றுக் கூட்டிச் சென்றார். பாதிக் கூலியே வாங்கினார்.

கற்பிட்டியை ஒரு நீண்ட விரலாக எண்ணிக்கொள்ளுங்கள். பாலாவிச் சந்தியில் தொடங்கி வடக்கு நோக்கி ஏறத்தாழ 40 கிலோமீற்றர் நீளும் ஒடுங்கிய நிலம் அது. விரலின் மேற்குப் புறம் திறந்த கடல். கிழக்குப் புறம் புத்தளம் களப்பு. ஒரே நாளில் மேற்கே சீற்றமும் கிழக்கே சாந்தமும் நிலவக்கூடும். டொல்பின் திரள் திரளாகச் சுழன்று துள்ளுவதை மேற்குக் கடலில் காண ஏற்ற காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. பவளப் பாறைத் தொடரைப் பார்ப்பதற்கும் அதுவே காலம். 1992இல் கடற் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்ட அப்பாறைத் தொடர், 1998இல் கடல்நீர் அளவுக்கு மிஞ்சிச் சூடேறியதால் வெளிறிப் பெருமளவில் மடிந்தது. மெல்ல மெல்லத் தேறிவருகையில் 2016இல் மீண்டும் வெளிறியது. ஆகவே பழைய வழிகாட்டி நூல்களின் வண்ணப் படங்களை நம்பிப் பிள்ளைகளுக்கு ஆசை மூட்டிவிடாதே என்று மருமகனுக்கு எழுதினேன். உயிரோடிருக்கும் பவளத்தின்மேல் காலூன்றி நின்று படமெடுக்கும் பயணிகளும் உண்டு; அவர்களைப்பற்றி இங்கே விரித்தால் என் சொற்கள் வானொலிக்கு ஏற்றவையாக இரா.

ஆக, அவன் குறித்த ஆகஸ்டில் டொல்பினும் இல்லை, பவளமும் இல்லை. அப்படியானால் ஜனவரியில் வரச் சொல்லலாமே என்பீர்கள். கனடாப் பாடசாலைகளுக்கு நீண்ட விடுமுறை ஜூலையிலும் ஆகஸ்டிலும்தான் கிடைக்கிறது. நம் பாடசாலைகளுக்கும் வழமையாக ஆகஸ்டில்தான் இரண்டாந் தவணை விடுமுறை. பிள்ளைகளின் படிப்பைக் கெடுத்துக்கொண்டு வா என்று ஓர் அதிபரே எழுதலாமா? மாதத்தை மாற்ற முடியாதென்றால், மாதத்துக்கேற்பத் திட்டத்தை மாற்றுவதுதான் வழி.

இவ்விடத்தில், காற்றின் வசத்தால் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்த பழைய விருந்தாளி ஒருவரை நினைத்துக்கொண்டேன். 1344ஆம் ஆண்டு. மொறொக்கோ நாட்டு யாத்திரிகர் இபுனு பதூதா மாலைதீவிலிருந்து மாபார் எனப்பட்ட தமிழகக் கரையை நோக்கிப் புறப்பட்டார். காற்று மாறிற்று, மாலுமிக்கும் வழி தெளிவாகத் தெரியவில்லை. கப்பல் வந்து சேர்ந்த இடம் புத்தளம். அந்நாளில் அங்கே தங்கியிருந்தவர் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. மன்னர் பாரசீக மொழி அறிந்தவர். விருந்தளித்து, முத்துகளைக் காட்டி, உமக்கு என்ன வேண்டும், தயங்காமல் கேளும் என்றார். யாத்திரிகர் கேட்டது ஒன்றே ஒன்று. பாவாத மலைமேலுள்ள திருப்பாதத்தைத் தரிசிக்க வேண்டும் என்றார். மன்னர் ஒரு பல்லக்கும், வழியறிந்த யோகியர் நால்வரும், பிராமணர் மூவரும், தம் பரிவாரத்தில் பதின்மரும், உணவுப் பொருள் சுமக்கப் பதினைவரும் தந்து அனுப்பிவைத்தார்.

உலகத்தின் பாதியைச் சுற்றியவர் அவர். முத்துக் குளிக்கும் கரையில் நின்றுகொண்டு, மன்னரே கேளும் என்று சொன்ன வேளையில், பத்து இடங்களின் பட்டியலை நீட்டவில்லை. ஒன்றைக் கேட்டார். அதற்குப் போகும் வழியில் சிலாபத்தையும், வேறு பல ஊர்களையும், யானைக் கூட்டங்களையும் குரங்குகளையும் அட்டைகளையும் கண்டு எழுதி வைத்தார். இக்கதையை மருமகனுக்கு எழுதிவிட்டு, "உன் பயணத்தில் அந்த ஒன்று எது என்று நீயே சொல்" என்று கேட்டேன். சற்றுக் கடுமையாகக் கேட்டுவிட்டேனோ என்று பிறகு தோன்றியது. ஆயினும் அனுப்பிய மடலை மீட்க முடியாது.

இரண்டு நாள் கழித்து ஒரே வரியில் மறுமொழி வந்தது. "அம்மாவோடு எத்தனை நாள் இருக்கலாம், நீங்களே போட்டுத் தாருங்கள்."

அதன்பின் நான் போட்ட திட்டத்தைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்தேன். உறவினரை எதிர்பார்த்திருக்கும் வேறு வீடுகளுக்கும் இது பயன்படலாம்.

முதலாவதாக, கட்டுநாயக்காவில் இறங்குபவர் புத்தளம் வருவதற்குக் கொழும்பு மாநகருக்குள் நுழையவேண்டிய தேவையே இல்லை. விமான நிலையம் கொழும்புக்கு வடக்கே இருக்கிறது. எங்கள் ஊரும் வடக்கே. நீர்கொழும்பு, சிலாபம் வழியாக நேரே வந்துவிடலாம். முதல் இரவே அக்கா வீட்டில் உறக்கம். நேர மாற்றத்தால் பிள்ளைகள் பகலில் தூங்கி நள்ளிரவில் விழித்திருப்பார்கள். அந்நேரத்தில் அவர்களோடு விழித்திருக்கப் பாட்டியைவிடத் தகுந்தவர் யார்?

ஆகஸ்டில் எங்கள் கரைக்கு வருபவர் இழப்பது கடலை மட்டுமே. மற்ற எல்லாவற்றுக்கும் அதுவே உச்சகாலம். கடலோடி ஓய்ந்திருக்கும் மாதத்தில்தான் இங்கே தெய்வங்கள் வீதிக்கு வருகின்றன. சிலாபத்தை அடுத்த முன்னேஸ்வரத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் நீளும் மகோற்சவம் ஆகஸ்ட், செப்டெம்பரை ஒட்டி நடைபெறுகிறது. சிவாலயமாயினும் சிங்கள பௌத்தரும் திரளாக வந்து நேர்த்தி செலுத்துகின்றனர். உடப்பில் திரௌபதையம்மன் கோயில் தீமிதிப்பு ஆடி, ஆவணியில் வரும். கிழக்குக் கரைக்குத் தொழிலுக்குச் சென்ற பிள்ளைகளும் அதற்கென்று ஊர் திரும்புவர். நாள்கள் ஆண்டுக்காண்டு மாறுவன. பஞ்சாங்கத்தையோ கோயிலாரையோ கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

எங்கள் குடும்பத்துக்கு ஆகஸ்ட் என்றால் தலவில். கற்பிட்டி வீதியிலிருந்து மேற்கே கடலை நோக்கித் திரும்பினால் புனித அன்னம்மாள் திருத்தலம். வறிய போர்த்துக்கேய வழிப்போக்கர் ஒருவர் மரநிழலில் களைத்துறங்கி, அன்னையின் திருவுருவத்தை அங்கே கண்டார் என்பது வழிவழியாக வரும் செய்தி. இன்றுள்ள பெரிய ஆலயம் 19ஆம் நூற்றாண்டில் எழுந்தது. மார்ச்சில் ஒரு திருவிழா. ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்ட் தொடக்கத்திலுமாகப் பெரிய திருவிழா. அக்காலத்தில் தீவின் எல்லாத் திசைகளிலிருந்தும் இலட்சக்கணக்கானோர் வந்து சேர்கின்றனர். தமிழிலும் சிங்களத்திலும் செபம் ஒலிக்கும். கத்தோலிக்கரல்லாதாரும் வருவர். மரங்களின் கீழ் கூடாரம் அடித்தும், கொட்டில் போட்டும், லொறியையே வீடாக்கியும் நாள்கணக்கில் தங்குவர். பக்கத்துக் கொட்டிலில் இருப்பவர் இரத்தினபுரியா, மன்னாரா என்று கேட்குமுன்னரே ஒரு சட்டிக் கறி கைமாறிவிடும். இரவில் கடலிரைச்சலும் செபமாலையும் ஒன்றாகக் கேட்கும். அக்கா தம் சிறுவயது முதல் தவறாமல் போய்த் தங்கிவரும் இடம் அது. கொவிட் பெருந்தொற்றின் காலத்தில் மட்டும் அவரால் போக இயலவில்லை. அந்த ஆண்டுகளை அவர் வயதில் சேர்ப்பதில்லை என்று வேடிக்கையாகச் சொல்வார்.

மூன்று இரவுகள் பேரப்பிள்ளைகள் பாட்டியோடு தலவிலில் கொட்டிலில் தங்குவது என்று எழுதினேன். டொரன்டோவிலிருந்து மருமகள் உடனே தொலைபேசியில் கேட்டாள்: "மாமா, அங்கே மலசலகூட வசதி எப்படி?" நியாயமான கேள்வி. கூட்டம் மிகுந்த நாள்களில் வரிசையில் நிற்கவேண்டும் என்ற உண்மையைச் சொன்னேன். குடிநீரைப்பற்றியும் சொன்னேன். மணற்பாங்கான இந்நிலத்தில் வெங்காயமும் மிளகாயும் ஆண்டு முழுவதும் உரமிட்டுப் பயிராகின்றன. அவ்வுரம் நிலத்தடி நீரில் இறங்குகிறது. பிள்ளைகளுக்குப் போத்தல் நீரே தக்கது. கொதிக்க வைப்பதால் கிருமி சாகும். உரத்தின் உப்பு போகாது. உள்ளதை ஒளியாமல் சொன்னதாலோ என்னவோ, மருமகள் மறுப்புச் சொல்லவில்லை.

தலவிலுக்குப் போகும் வழியில் பிள்ளைகளுக்கு ஒரு பாடமும் உண்டு. பாலாவிப் பக்கத்தில் உப்பளங்கள். மழையற்ற மாதங்களில் உப்பு வெண்குவியலாகக் கிடப்பதைக் காணலாம். பனியை மட்டுமே அறிந்த குழந்தைகள் அதைப் பனி என்று எண்ணினாலும் எண்ணுவர். அப்பால் காற்றாலைகள் வரிசையாகச் சுழல்கின்றன. 2010 முதல் எழுந்தவை. வள்ளத்தைக் கரையில் கட்டிப்போடும் அதே காற்று அங்கே விளக்கெரிக்கிறது. நுரைச்சோலையில் 2011இல் இயங்கத் தொடங்கி இன்று 900 மெகாவாற்று வலுக்கொண்ட நிலக்கரி மின்னிலையமும் தொலைவிலிருந்தே கண்ணிற்படும். அதன் புகையைப்பற்றி ஊரார் சொல்வதையும் பிள்ளைகள் கேட்கட்டும்.

அவ்வீதியோரத்து ஊர்கள் சிலவற்றில் வாழ்வோர், 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும் அவர்தம் மக்களும் பேரரும் ஆவர். உடுத்த துணியோடு வந்தவர்களுக்கு இங்குள்ளோர் தங்கள் கிணற்றையும் பாடசாலையையும் பங்கிட்டுக் கொடுத்தனர். பங்கிட்ட இடத்தில் மனத்தாங்கல்களும் எழாமலில்லை. காரின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு விரைந்து போகிறவருக்கு அது வெறும் தென்னந்தோட்டம். மருமகன் தானும் பிறந்த மண்ணை விட்டுப் போனவன். ஓரிடத்தில் இறங்கித் தேநீர் குடித்துப் பேசிவிட்டுப் போ என்று எழுதினேன்.

கற்பிட்டி முனையில் ஒல்லாந்தர் 1667இல் தொடங்கி 1676இல் முடித்த கோட்டை இருக்கிறது. கடற்படையினர் வசமிருப்பதால் அவர்களிடம் அனுமதி பெற்றே உள்ளே போகலாம். அந்த ஊரில் 1807இல் பிறந்தவர்தாம் சைமன் காசிச்செட்டி. இருபத்தேழு வயதில், 1834இல், இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் அகரவரிசையில் விவரிக்கும் ஆங்கில நூலொன்றை வெளியிட்டார். 'தமிழ் புளூட்டாக்' என்ற புலவர் வரலாற்று நூலும் அவருடையதே. இன்று வழிகாட்டி நூல் எழுதுவோர் அனைவருக்கும் அவர் பாட்டனார் முறை. கற்பிட்டிக்கு வரும் பயணிகளில் பலர் அவர் பெயரையே கேளாமல் திரும்புகிறார்கள் என்பது எனக்கு நெடுநாளாக ஒரு குறை.

வில்பத்துக்கு ஒரு முழு நாளைத் தனியே ஒதுக்கினேன். விடியுமுன் புறப்படவேண்டும். வறட்சி மிகுந்த ஆகஸ்டில் வில்லுகள் எனப்படும் இயற்கைக் குளங்கள் சுருங்கி, விலங்குகள் எஞ்சிய நீரைத் தேடி வரும். சிறுத்தையைக் காண்பது நிச்சயமன்று; கரடியையோ மானையோ கண்டால் மகிழ்க. ஒரு வேடிக்கையையும் மருமகனுக்கு முன்கூட்டியே எச்சரித்தேன். வனவாயிலில் பாட்டிக்கு உள்நாட்டவர் கட்டணம். கனடாக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் பேரப்பிள்ளைகளுக்கு வெளிநாட்டார் கட்டணம். ஒரே ஜீப்பில், ஒரே குடும்பத்தில், இருவகைச் சீட்டு. அக்கா அங்கே காவலரோடு வழக்காடுவார் என்பது உறுதி. வழக்காடட்டும், பணத்தை மட்டும் ஆயத்தமாக வைத்திரு என்றேன்.

இனி, கடல். பிள்ளைகள் கடலை எண்ணி வருகிறார்கள். காற்றடிக்கிறது என்று சொல்லி ஏமாற்றலாமா? இங்கேதான் எங்கள் கடற்றொழிலாளரின் கணக்கை நான் கடன் வாங்கினேன். புத்தளத்திலிருந்து அநுராதபுரம் வழியாகத் திருகோணமலை வரை ஒரே நெடுஞ்சாலை ஓடுகிறது. ஏ 12 என்பது அதன் இலக்கம். நீளம் ஏறத்தாழ 180 கிலோமீற்றர். மேற்குக் கரையையும் கிழக்குக் கரையையும் இணைக்கும் அச்சாலையின் இந்த முனையில் கடல் சீறும் மாதங்களில், அந்த முனையில் நிலாவெளிக் கடல் குளம்போல் கிடக்கும். மார்கழியில் அப்படியே மறுதலை. வலையை லொறியில் ஏற்றிக்கொண்டு கிழக்கே போகும் சம்மாட்டிமார் வழியையே என் மருமகனும் பிடிக்கட்டும். ஆறாம் நாள் காலையில் புறப்பட்டால் 75 கிலோமீற்றரில் அநுராதபுரம். வெயில் ஏறுமுன் மகாபோதியையும் தாதுகோபங்களையும் கண்டு, மாலையில் திருகோணமலை. மூன்று இரவு அங்கே. நிலாவெளியில் நீராட்டம், புறாத்தீவில் பவளமும் மீனும், கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறுகள். அவன் ஆசைப்பட்ட சீகிரியா, திரும்பி வரும் பாதைக்கு அருகிலேயே இருக்கிறது. கண்டியும் நுவரெலியாவும் எல்லவும் யாலவும் காலியும் அடிபட்டுப் போயின. என் சிவப்பு மைக்கு அவை இரையானதில் எனக்கும் சிறிது வருத்தந்தான். காலிக் கோட்டை நான் பெரிதும் விரும்பும் இடம்.

அக்காவையும் திருகோணமலைக்குக் கூட்டிப் போகலாமா என்று மருமகன் கேட்டான். அதை நான் திட்டத்தில் எழுதியிருக்கவில்லை. எழுபது வயதுக்காரருக்கு அந்த வெயிலும் பயணமும் ஆகாது என்று நானே தீர்மானித்துவிட்டிருந்தேன். நேயர்களே, வள்ளக்காரரைக் கேளாமல் போன அதே பிழையை இரண்டாம் முறையும் செய்திருக்கிறேன். அக்காவைப் போய்க் கேட்டேன். "தம்பி, திருகோணமலையை நான் இன்னும் பார்க்கவில்லையே" என்றார். வானில் இப்போது ஓர் இருக்கை கூடியிருக்கிறது.

தலவிலில் வழக்கமாகத் தங்கும் மரத்தடியைப் பக்கத்து வீட்டாரிடம் சொல்லி வைத்துவிட்டார். கிடுகு பின்னவும் ஆள் பேசியாயிற்று. பேத்திக்கு மீன் முள் எடுத்துக் கொடுக்கவேண்டுமா, அவளே எடுப்பாளா என்பது இப்பொழுது வீட்டில் நடக்கும் பெரிய ஆராய்ச்சி. சென்ற ஞாயிற்றுக்கிழமை பேரன் என்னோடு பேசினான். காற்று அவ்வளவு பலமாக அடிக்குமென்றால் பட்டம் விடலாமா, கனடாவிலிருந்து ஒன்று கொண்டுவரட்டுமா என்று கேட்டான். பட்டத்தைக் கொண்டுவர வேண்டாம், இங்கே கட்டிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன். கட்டி நெடுநாளாயிற்று. மூங்கில் சிராய் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.